முதல் பரிசு பெற்ற ஆறு

பெரிய நாடுகளுக்கு நடுவே தும்பைநாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அதற்குப் படையும் இல்லை, துறைமுகமும் இல்லை. வெளியே சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையே என்பது அதன் அமைச்சர்களுக்குத் தீராத மனக்குறை. ஆண்டுதோறும் பன்னாட்டுப் பாட்டுப் போட்டி நடக்கும். ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டை அனுப்பும். மற்ற நாடுகள் மதிப்பெண் போடும். வென்ற நாட்டில் அடுத்த போட்டி. பெரும்பாலும் பக்கத்து வல்லரசான மாவேலம் வெல்லும். தும்பைநாடு தவறாமல் கடைசியில் வரும்.

இம்முறையும் அப்படியே ஆனதும் கீர்த்தித் துறை அமைச்சர் வச்சிரபாகு அவையில் கண்ணீர் விட்டார்.

“சோறில்லாமல் ஒரு நாடு வாழ்ந்துவிடலாம். புகழில்லாமல் வாழ முடியுமா?”

அவை எழுந்து நின்று கைதட்டியது. மறுநாளே ஆணை வந்தது: வயலிலும் தொட்டிலடியிலும் யாரும் பாடக் கூடாது, அந்நிய ஒற்றர்கள் மெட்டைத் திருடிவிடுவார்கள். அடுத்து, மிளகாய் தேசியக் குரலைக் கெடுக்கிறது என்று செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். மிளகாயை நம்பிப் பிழைத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டைவிட்டே போனார்கள். அதைப் பண்பாட்டுப் பரவல் என்று அரசு அறிவித்தது.

நீலியாற்றங்கரையில் தாழைமடை என்ற ஊரில் சிலம்பாயி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தால் அவளுக்குப் பாட்டு தானாக வரும். ஆணையெல்லாம் அப்போது நினைவில் நிற்காது. காவலர்கள் சேற்றுக் காலோடு அவளைப் பிடித்துக்கொண்டு போய் அமைச்சர் முன் நிறுத்தினார்கள். என்ன பாடினாய் என்று அவர் அதட்ட, அவள் நடுங்கிக்கொண்டே பாடிக் காட்டினாள். நீலி வற்றாதவள், மலையிலிருந்து இறங்கி வயலுக்கு வாழ்க்கைப்பட வருகிறவள் என்று போகும் பாட்டு.

வச்சிரபாகு கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தண்டனையை ரத்து செய்து, அவளை நாட்டின் குரல் என்று அறிவித்தார்.

“பட்டமெல்லாம் வேணாங்கய்யா,” என்றாள் சிலம்பாயி. “எங்க ஊரு மடை இடிஞ்சு கெடக்கு. அதைக் கட்டிக் குடுத்தீங்கன்னா போதும். கடைசி வயலுக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது.”

“ஆற்றைப் பற்றி இனி நீ கவலைப்படாதே, மகளே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அவள் கணவன் வீரணனுக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும், “நீ பாடினாத்தான் மடை வரும்னா, போய்ப் பாடிட்டு வா புள்ள,” என்று அனுப்பிவைத்தான்.

போட்டி நடந்த மாவேலத்தில் அவளுக்குத் தும்பைநாட்டின் தொன்மையான உடை என்று ஒன்றை உடுத்தினார்கள். தும்பைநாட்டில் அதுவரை யாரும் அப்படி உடுத்தியதில்லை. தையல்காரர் அதைப் போன மாதம்தான் கண்டுபிடித்திருந்தார். சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டு, காலடியில் சேறு இருப்பதாக நினைத்துப் பாடினாள். மண்டபம் மூச்சுவிட மறந்தது. மதிப்பெண்களை அறிவித்தபோது, இதுவரை தும்பைநாட்டுக்கு ஒரு புள்ளிகூடத் தராத மாவேலம் முழு மதிப்பெண்ணையும் அள்ளிக் கொடுத்தது. முதல் பரிசு! சிலம்பாயி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விருந்தில் மாவேலத்தின் நீர்த்துறை அதிகாரி அவளை வணங்கினார்.

“பாட்டு அருமை, அம்மா. ஆறு அதைவிட அருமை. போன வாரம்தான் எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டோம். தலைநகரின் நீரூற்றுகள் பொங்குகின்றன.”

“எந்த ஆறு?”

“நீங்கள் பாடினீர்களே, அதுதான்.”

அவள் அமைச்சரைத் தேடிப் பிடித்தாள். “ஐயா, இவரு சொல்றது நெசமா?”

வச்சிரபாகு வாயைத் துடைத்துக்கொண்டார். “நீலி இத்தனை காலம் ஓடினாள். உலகில் யாருக்காவது தெரியுமா? இன்று எல்லோருக்கும் தெரியும். நாம் ஆற்றை இழக்கவில்லை, மகளே. புகழாக மாற்றியிருக்கிறோம்.”

தலைநகரில் ஊர்வலம் காத்திருந்தது. அவள் வழியிலேயே இறங்கித் தாழைமடைக்கு ஓடினாள். மடை புதிதாக நின்றது. அமைச்சரின் பெயர் பொறித்த கல்லும் இருந்தது. அதற்கு முன்னால் வெறும் மணல். நாற்றுகள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன. வீட்டில் வீரணன் இல்லை.

பக்கத்து வீட்டு வெள்ளச்சி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “கடையில நின்னுக்கிட்டு, ஆத்துல தண்ணி இல்லையேன்னு சொல்லிட்டாரு. நீலி வத்தாதவள்னு பாட்டுல இருக்குல்ல? ஜெயிச்சதும் அதைத் தேசியப் பாட்டாக்கிட்டாங்க. அதை அவமதிச்சாருன்னு புடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“என் பாட்டையா?”

“இனிமே அது உன் பாட்டு இல்லையாம்டி.”

அடுத்த போட்டி தும்பைநாட்டில். அதற்கான அரங்கத்துக்கு அரசு இடம் தேடி அலையவில்லை. நீலியின் படுகை அகலமாக, காலியாகக் கிடந்தது. அடிக்கல் நாட்டு விழாவில் அவள் பாடினால் வீரணனை அன்றே விட்டுவிடுவதாக அமைச்சர் சொல்லியனுப்பினார்.

மேடையேறிப் பார்த்தாள். மணல் முழுக்கத் தலைகள். பலர் கையில் கொடி. இடுப்பில் காலிக் குடம். விழா முடிந்ததும் தண்ணீர் வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

சிலம்பாயியின் கண்முன் வீரணன் முகம் வந்து போனது. வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

“நான் பாட மாட்டேன்,” என்றாள். “என் வீட்டுக்காரரு சொன்னதுதான் நெசம். தண்ணி இல்ல. நம்ம ஆத்தைக் குடுத்துத்தான் இந்தப் பரிசை வாங்கியிருக்காங்க. நீங்க நிக்கிற எடம் ஆறு. குனிஞ்சு பாருங்கய்யா! மண்ணைத் தொட்டுப் பாருங்க!”

கூட்டத்தில் யாரும் குனியவில்லை. காவலர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து புன்னகையோடு காத்திருந்தார்.

எங்கோ ஒரு மூலையிலிருந்து நீலி வற்றாதவள் என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு பத்து, பிறகு நூறு. படுகை முழுவதும் பாடியது. தாகத்தில் வறண்ட தொண்டைகள்; ஆனாலும் சுருதி பிசகவில்லை. சிலம்பாயி கத்தினாள். அவள் கத்தியது அவள் காதுக்கே எட்டவில்லை.

முன்வரிசையில் காலிக் குடத்தோடு வெள்ளச்சி நின்றிருந்தாள். கண்ணில் நீர் வழிய, கழுத்து நரம்பு புடைக்க, எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பாடச் சொல்லி மிரட்ட, அருகே காவலர் யாருமில்லை.