ஞாயிற்றுக்கிழமை விழுந்த காசு

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வெந்ததா என்று உலைமூடியை நாலு தரம் திறந்து பார்க்கிறவன். திறக்காத சிப்பியைக் குவியலாக ஏலம் எடுத்துவிட்டு முத்துக்குக் கனவு கண்ட கடற்கரையில் பிறந்தவன் வேறு எப்படி இருப்பான்?

மகள் ஜென்சியின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்த பணத்தை நானும் மனைவி ஸ்டெல்லாவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவள் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டாள். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். "ஒத்த மீன நம்பி யாராவது உலை வைப்பாகளா?" என்பது அவள் கட்சி. நான் கிரிப்டோ என்கிற டிஜிட்டல் காசில் போட்டேன். அவளுடையது உப்பளம், பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றுமே நடக்காது. என்னுடையது அலை. அது ஏற ஏற, துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த என் நெஞ்சும் ஏறியது. (தெறித்த சட்டைப் பொத்தான் சாட்சி.)

கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கள் மதியத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஃபண்டை விற்றால் காசு கைக்கு வரச் சில நாளாகும் என்று ஸ்டெல்லா முந்தைய வாரமே விற்றுவிட்டாள்.

"உங்களதையும் இன்னைக்கே வித்துருங்க" என்றாள் சனிக்கிழமை.

"திங்கக்கிழம காலைல வித்தா இன்னும் கூட கெடைக்கும்."

"நாளைக்கு எறங்கிட்டா?"

"ஏளா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. எங்கன எறங்கும்?"

சிரிக்காதீர்கள். எங்கள் கரையில் ஞாயிறன்று ஒரு படகும் கடலுக்குப் போகாது. மீன் ஏலக்கூடத்தில் காக்கை மட்டும் நடக்கும். பங்குச்சந்தைக்கும் விடுமுறை. கடலே ஓய்வெடுக்கும் நாளில் காசு மட்டும் வேலைக்குப் போகுமா? அதனால் ஞாயிறுகளில் நான் விலை பார்த்ததே இல்லை. மூடிய கடையை யார் எட்டிப் பார்ப்பார்?

மறுநாள் பூசையில் முதல் வாசகம் என் முறை. பீடத்தருகே நின்று வாசிக்கையில் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. விலை பெரிதாகச் சரிந்தால் அதிரும்படி நானே வைத்திருந்தேன். இன்றைக்கு எப்படி? மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். இறைவாக்கினரின் சொற்கள் என் வாயில் ஓடின. வியர்வை காலர் வழியாக உள்ளே ஓடியது. தலை நிமிர்ந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என் முகத்தையல்ல, என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே ஓடினேன். பாதி போயிருந்தது. கிரிப்டோச் சந்தைக்கு ஞாயிறு, ராத்திரி என்று எந்த விடுமுறையும் கிடையாது என்பது அப்போதுதான் புரிந்தது. விற்கும் பொத்தானை அமுக்கினால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக விற்று முடித்தபோது பாதியிலும் கொஞ்சம் கரைந்திருந்தது.

"என்ன அத்தான், மூஞ்சி கருவாடா கெடக்கு?" என்று வந்தான் விசைப்படகு ஓட்டும் என் மைத்துனன் ராயப்பன். சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம லீவுன்னு நமக்குத் தெரியும் அத்தான். மீனுக்கு யாரு சொன்னா?" என்றான்.

பக்கத்தில் வந்து நின்ற ஜென்சி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பைக் சாவியை எடுத்து ராயப்பனிடம் நீட்டினேன். அவன் பேரம் பேசவில்லை. (கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.)

திங்கள், கவுண்டர் மூடுமுன் பணம் கட்டினோம்.

ஜென்சி இப்போது மூன்றாம் வருடம். ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து கூப்பிடுவாள். முதல் கேள்வி மாறுவதே இல்லை: "யப்பா, இன்னைக்கு கறிக்கடை உண்டா, லீவா?"

நானாக எதையும் முடிவு செய்வதில்லை. நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.