நாற்பத்திரண்டாவது புகாரும் புஷ்பவல்லியின் நெத்திலியும்

‘ஒரு சொல், பல சாயல்’ பகுதியின் ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூரிலிருந்து மு. பகலவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி மதியும் காற்று அனுமதிக்கும் அளவுக்கு நலம். அங்கு தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் எங்களைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வகை பார்த்துக் குறித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே வரும் சங்கதிகளுக்கெல்லாம் தாங்களே பொறுப்பு என்று நான் குறித்தால், அது சரியாகத்தான் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் தாங்கள் ‘ஸ்மெல்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் சொந்தபந்தங்களை வரிசையாக நிறுத்தியிருந்தீர்கள். காபிக்கு அரோமா, மல்லிகைக்கு ஃபிராக்ரன்ஸ், நாய் பின்தொடர்ந்து போவது சென்ட், நல்லதிலும் சேராமல் கெட்டதிலும் சேராமல் அறிக்கைகளில் உட்கார்ந்திருப்பது ஓடர், ஆளை எழுந்து ஓடவைப்பது ஸ்டென்ச். கடைசியில் கட்டம் கட்டி, “அலுவலகக் கடிதங்களில் ஸ்டென்ச் என்று எழுதுவது நாகரிகமல்ல, ஓடர் என்பதே பண்பான சொல்” என்று அறிவுரையும் தந்திருந்தீர்கள். அதை வெட்டி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அந்தக் கட்டம்தான் எங்கள் தெருவைக் கவிழ்த்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம்; அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாயங்காலம் நாலரை மணி வாக்கில், அது ஒன்றை வெளியே விடும். கெரசினில் முட்டையை அழுகவைத்து, மேலே ரப்பரைக் கொளுத்திப் போட்டது போல இருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். பிள்ளைகள் இருமும். மதி நாள் முழுவதும் ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறாள். இதைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு, மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தேதியும் நிமிடமும் தவறாமல் குறித்து நாற்பத்தொரு புகார்கள் எழுதினேன். எல்லாம் தமிழில்; எல்லாவற்றிலும் ‘நாற்றம்’. பதில் இல்லை. தங்கள் கட்டுரையைப் படித்த பிறகுதான், குற்றம் ஆலையுடையது அல்ல, என் சொல்லுடையது என்று விளங்கியது. நாற்பத்திரண்டாவது புகாரை ஆங்கிலத்தில், பண்பாக, எங்கள் தெருவில் ஓர் ஓடர் நிலவுகிறது என்று எழுதினேன். ஒன்பதே நாளில் ஜீப் வந்தது.

“நாத்தம்னு கத்தினப்போ ஒருத்தனும் எட்டிப் பாக்கல. ஓடர்னதும் ஓடி வர்றான் பாரு,” என்றாள் மதி.

வந்த அதிகாரி மரியாதைக்காரர். காலை பதினோரு மணிக்கு வந்தார்; அந்த நேரத்தில் ஆலை குளித்து விபூதி பூசிக்கொண்டது போல இருக்கும். இருபது அடி நடந்தார். எதிர்மனையில் புஷ்பவல்லி பழைய வலையை விரித்து அதன்மேல் நெத்திலியும் வாளையும் காயப்போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கருவாடு என்றால் அவள்தான். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார்.

“இதானா சார் அந்த ஓடர்?”

“இல்ல சார், இது வெறும் ஸ்மெல்,” என்றேன், தங்கள் வரிசைப்படி.

“நீங்க ஓடர்னுதானே எழுதியிருக்கீங்க? இங்க வேற எதுவும் அடிக்கலையே.”

“சாயங்காலம் நாலரைக்கு வாங்க.”

“அப்ப நான் கிளம்புற நேரம் சார்,” என்று சொல்லி, கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் உணவுப்பொருள், சாக்கடை, குப்பை என்று மூன்றே கட்டங்கள். ஆலைக்குக் கட்டமே இல்லை. முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரம் புஷ்பவல்லியின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ‘திரு. மு. பகலவன் அவர்களின் புகாரின் பேரில்’ மீன் உலர்த்துவதைப் பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும். என் பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை. அதைக் கிழிக்காமல், பசையோடு உரித்து எடுத்துக்கொண்டு அவள் மாடியேறி வந்தாள்.

“இன்னா நைனா, உன் பேரப் போட்டு எனக்கு லெட்டர் வந்துகீது? இருவத்தாறு வருசமா எதிர்ல குந்திகினு கீறேன், இப்பத்தான் என் மீனு உனக்கு நாறுதா?”

“நான் உன்னப் பத்தி எழுதலம்மா. ஆலையப் பத்தி எழுதினேன்.”

“அப்ப ஆலைன்னு எழுதறதுதான? அது இன்னா ஓடரு? உன் இங்கிலீசுல என் பொழப்பு கலீஜாயிடுச்சே!”

மதி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். புஷ்பவல்லி பாதி குடித்துவிட்டு மீதிக் கோபத்தைத் தொடர்ந்தாள். “நியாயமாப் பாத்தா நான்தான் அவன் மேல எழுதணும். கருவாடு காத்த அப்படியே இழுத்துக்கும். அந்த நாத்தம் கெளம்புதுன்னா ஓடிப்போய் தார்ப்பாயப் போட்டு மூடறேன். ஒரு நிமிசம் அசந்தா, யாவாரி மொத்த மூட்டையும் திருப்பி எடுத்தாந்து போட்டுட்டு, இன்னாக்கா கெரசின்ல ஊறப் போட்டியான்றான். இப்ப என்னையே மூடச் சொல்றான்!”

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நாற்காலி போட்டார். “ஏன் சார் பேஜாரு? நீங்க புகாரை வாபஸ் வாங்கிட்டா நோட்டீஸும் தானா போயிடும்,” என்றார். அதாவது, புகாரை வாபஸ் வாங்கினால் ஆலை தப்பிக்கும், நெத்திலி தப்பிக்கும். வாங்காவிட்டால் ஆலை தப்பிக்கும், நெத்திலி போகும். இரண்டு பக்கமும் ஆலை தப்பிக்கிற மாதிரி ஒரு தராசை நான் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. வாபஸ் வாங்கமாட்டேன் என்று சொன்னேன். நெத்திலியும் நகராது என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து, ஸ்டென்ச் என்ற சொல்லை ஏழு இடங்களில் போட்டு நாற்பத்துமூன்றாவது புகாரை எழுதி, முத்திரை குத்தும்வரை எழுந்திருக்கவில்லை. நாகரிகம் கெட்டதுதான், ஆனால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அவரே எங்கள் தெருவுக்கு வருகிறார். ஒரே நிபந்தனை: புகார்தாரராகிய நான் அவர் முன்னால் காற்றை முகர்ந்து, “இது மீன் அல்ல, ஆலை” என்று அந்த நிமிடத்தில் அடையாளம் காட்ட வேண்டும். தவறினால் செவ்வாய்க்கிழமை ஆள் வந்து வலையைச் சுருட்டிவிடுவார்கள். துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு உழைத்த மூக்கு இது, தாராளமாகச் சோதியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே தங்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். சனிக்கிழமை இதழில், அதே இடத்தில், அதே அளவு கட்டம் கட்டி, “ஸ்டென்ச் என்று எழுத வேண்டிய இடத்தில் ஓடர் என்று எழுதுவது பண்பு அல்ல, பயம்” என்று திருத்தம் போடுங்கள். அதையும் வெட்டி எடுத்துக்கொண்டுதான் தெருவில் நிற்கப்போகிறேன். போடாவிட்டாலும் நிற்பேன்.

தங்கள் வீட்டுக் காபியின் அரோமாவும் வாசல் மல்லிகையின் ஃபிராக்ரன்ஸும் என்றும் குறையாதிருக்க வாழ்த்தி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் கூறும்,

மு. பகலவன்

பி.கு.: இதைத் தாங்கள் அச்சிட வேண்டாம். வேலையில் இருந்தபோது ஒரு நாள், கிடங்கில் என் முகத்துக்கு நேரே ஒரு ரசாயன மூட்டை பிரிந்துகொண்டது. அன்றிலிருந்து பத்தொன்பது வருடமாக எனக்கு எதுவும் மணப்பதில்லை. அரோமாவும் ஸ்டென்ச்சும் எனக்கு ஒன்றுதான். எதிர்மனையில் நெத்திலிமேல் நீலத் தார்ப்பாய் எப்போது விழுகிறதோ, அப்போது கடிகாரத்தைப் பார்த்துப் புகார் எழுதுவேன். அலுவலகத்தில் எழுதிய கடைசி ஒன்றைத் தவிர, நாற்பத்திரண்டும் அப்படி எழுதியவைதான். அவள் வலையைச் சுருட்டினால் இந்தத் தெருவில் எனக்கென்று மூக்கே இல்லை. நேற்று இதைப் புஷ்பவல்லியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் வாளையைத் திருப்பிப் போட்டபடி, “தெரியும் நைனா. சாக்கடை அடைச்சிகினு கெடந்த அன்னிக்கி அது பக்கத்துல நின்னு நீ டீ குடிச்சியே, அப்பவே தெரியும். திங்கக்கெழம நான் தார்ப்பாயப் போடறேன். நீ மூக்கப் பொத்து,” என்றாள்.