எல்லாம் தயார்

பத்தாம் வகுப்பில் நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்த கட்டுரையைத் தமிழய்யா நான்கே வரியாக வெட்டித் தந்தார். அந்த நிமிடம் எனக்குச் சுருக்கப் பித்துப் பிடித்தது. மனிதர்கள் பேசுவதில் பாதி வீண் என்று கண்டுகொண்டேன். (அம்மா, "ஏலே, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது.)

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு அய்யலூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக வந்தது. பரிசம் பேச அவர்களை அழைத்துக் கார்டு எழுதச் சொன்னார் அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). பிள்ளையார் சுழி, இவ்விடம் யாவரும் க்ஷேமம், செவலை மாடு கன்று போட்டது, தக்காளி பூத்தது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன்: "உடனே புறப்பட்டு வரவும். எல்லாம் தயார்." கீழே அய்யா பெயருக்குப் பதில் என் கையெழுத்து. மூலையில் மஞ்சளும் தடவவில்லை. திண்டுக்கல்லில் பள்ளிக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா தலைவிரி கோலமாக முன்னால் வர, பின்னால் மாப்பிள்ளையின் அப்பா ரோஜா மாலையோடு வந்தார்.

"எடுத்துட்டாகளா?" என்றார் அவர், வாசலில் நிற்பது யாரென்று பார்க்காமலே.

"யாரை?" என்றார் வாசலில் நின்ற அய்யா.

மாலை கைநழுவி அய்யா காலடியில் விழுந்தது.

"மஞ்சளும் இல்ல, க்ஷேமமும் இல்ல. மகன்ல கையெழுத்துப் போட்டிருக்கான்! நீங்க போயிட்டீகன்னுதான..." என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அய்யா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். அபசகுனம் என்று அவர்கள் திரும்பிப் போயிருந்தால், அக்கா என்னைக் கடைசிவரை மன்னித்திருக்க மாட்டாள். ஆனால் அடுப்படிக்குள்ளிருந்து அவள் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அழுதுகொண்டு வந்த அம்மாளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்த நேரத்துல எம்புட்டு அழ வச்சுட்டான்! இதுக்கு மேலயா ஒரு கெட்டது வரப்போகுது? வெத்தலைய எடுங்க," என்றார்.

நான் வெட்டி எறிந்த வரிகள்தான் 'நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்' என்று சொல்லும் வரிகள். அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அத்தான் இன்றும் என் கடிதத்துக்குப் பதில் எழுதினால், முதல் வரியில் "மாமா இருக்காரா மாப்ளே?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அடுத்த வாரம் எனக்கே பெண் கேட்டு எழுத வேண்டும். க்ஷேமத்துக்கு ஒரு வரி, மாட்டுக்கு ஒரு வரி, சேதிக்கு ஒரு வரி. அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. கையெழுத்தை மட்டும் அய்யாவே போடட்டும், நன்றாகப் பெரிதாக.