சம்பந்தி குடித்த டின் கலர்

படித்தவன் முட்டாள்தனம் செய்தாலும் திட்டம் போட்டுத்தான் செய்வான். நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம்.

கோவில்பட்டியில் எனக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அது ஊருக்குத் தெரிந்த தொழில். கூட்டாளி பெயரில் உரிமம் எடுத்து நடத்திய ஒயின்ஷாப் தெரியாத தொழில். (என் மனைவிக்கும்தான்.) கரிசல் வெயிலில் காய்கிற சனத்துக்கு நாகரிகம் கற்றுத்தர நினைத்து, பழரசத்தில் மது கலந்து டின்னில் அடைத்த புதுச் சரக்கைப் பாண்டிச்சேரியிலிருந்து அனுமதியில்லாமல் இறக்கினேன். வாங்கிய ஒன்றிரண்டு பேரும், "இனிக்குது அண்ணாச்சி, பிள்ளையளுக்குக் குடுங்க" என்று திருப்பித் தந்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் உத்தரவு வந்தது. இனி மதுக்கடைகளை அரசே நடத்தும்; தனியார் கடையை மூடி, மிச்சச் சரக்கைக் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். கணக்கிலேயே இல்லாத டின்களை எங்கே ஒப்படைப்பது? கீழே கொட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினேன். மனைவியிடம், ஜூஸ் ஏஜென்சி எடுத்திருப்பதாகச் சொன்னேன்.

அந்த வாரமே என் மகள் மகேஸ்வரியைப் பெண் பார்க்க மணியாச்சியிலிருந்து வந்தார்கள். பையனுக்கு ரயில்வே வேலை. போட்டோவிலேயே மகளுக்குப் பிடித்துப்போன பையன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் கலர் உடைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பாட்டில் பானம் தொண்டையில் இறங்காமல் சம்பந்தப் பேச்சு தொடங்காது. அன்று கலருக்குப் பதிலாக, தட்டு நிறைய டின்களோடு என் மனைவி வந்தாள். மேலே ஆரஞ்சுப்பழப் படம். ஃப்ரிட்ஜில் வேறு வைத்திருக்கிறாள்.

"இவிய எடுத்திருக்க புது ஏஜென்சி. குடிங்க அண்ணாச்சி" என்றாள் பெருமையாக.

உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போய்விடும். தேதி முடிந்த சரக்கு என்று முனகிப் பார்த்தேன். "முந்தாநாத்துதான வந்துச்சுன்னீங்க?" என்றாள்.

பையனின் அப்பா ஒரு மடக்குக் குடித்தார். டின்னைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். குட்டு உடைந்தது என்றே நினைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு இருக்கா, அண்ணாச்சி?" என்றார்.

அப்பாடா என்று நானே எழுந்துபோய் எடுத்து வந்தேன்.

அதன்பின் அவர் பாடினார். நகைநட்டு எதுவும் வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்று அழுதார். வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைக் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வரச்சொல்லி அழைத்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

பையன் மட்டும் தன் டின்னைத் திறக்காமல் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டான்.

"எங்கப்பா ஒரு காலத்துல குடிச்சே அழிஞ்சவிய மாமா. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல விட்டாவ. அதுக்கப்புறம் தொட்டதில்ல. நீங்க எதிர்க்கதான உக்காந்திருந்தீங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தோடு மணியாச்சியிலிருந்து தகவலே இல்லை. மகேஸ்வரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறு வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிய அரசு மதுக்கடை வரிசையில் பையனின் அப்பாவைப் பார்த்தேன். பாதியாக மெலிந்திருந்தார். "வாங்க சம்பந்தி" என்று அன்பாக அழைத்து, ஒதுங்கி, தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டார். நான் பஸ் பிடிக்கிறவனைப்போல ஓடினேன்.

மகேஸ்வரி வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் தன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். ஆட்டுக்குட்டியை அழைக்கிற இடம் வந்ததும் வீடே உருளும். நானும் சிரிப்பேன். பையன் சொன்னதையும் வரிசையில் பார்த்ததையும் அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

"அந்தத் தாத்தா அப்புறம் என்ன ஆனாவ?" என்று சின்னப் பேத்தி ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்கிறேன்.