சுவருக்கு அந்தப்பக்கத்துச் செர்ரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனாரின் ஆசிகள். நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் செர்ரி பூத்துப் பூத்துக் காய்க்காமல் நின்றபோது, "மாமா, அது தன் மகரந்தத்தையே ஏத்துக்காத ஜாதி, பக்கத்துல வேற ரகம் வைங்க" என்றீர்கள். வேறு ரகத்துக்கு யார் அலைவது என்று அதே மரத்துக் குச்சியை ஒட்டுக்கட்டிப் பக்கத்தில் நட்டேன். அது பூத்த வருஷமே இரண்டும் கொத்துக் கொத்தாய்க் காய்த்தன, நானும் ஆராய்ச்சிக்கார மாப்பிள்ளையையே ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். நிரூபிக்க இரண்டு மரத்து இலைகளையும் உங்களுக்கு அனுப்பினேன். இன்று உங்கள் பரிசோதனை முடிவு வந்து தலையில் கல்லைப் போட்டது. இரண்டுக்கும் ஒரே மரபணுவாம், ஒன்றின் மகரந்தம் வந்தால் மற்றது சொந்த மகரந்தம் என்றே கதவைச் சாத்திவிடுமாம். நான் அனுப்பிய பையில் தவறிப்போய் விழுந்திருந்த மூன்றாவது இலைதான் வேறு ரகமாம். அதில் தடுக்கும் மரபணு பழுதாகிவிட்டதால் தன் மகரந்தத்திலேயே காய்க்குமாம், எங்கள் மரங்களையும் அதுதான் காய்க்க வைத்திருக்குமாம்.

அது பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் மரம், மாப்பிள்ளை! அதுவும் அந்த வருஷம்தான் முதல்முறையாகப் பூத்தது. என் தண்ணீர்த் தொட்டியில் பூவைக் கொட்டுகிறது என்று ஒற்றைக் காலில் நின்று, அதை வெட்ட அவரைச் சம்மதிக்க வைத்ததே நான்தான். சனிக்கிழமை ரம்பக்காரர் வருகிறார். நானே போய்த் தடுத்தால் மானம் கப்பலேறிவிடும். போனில் சொன்னால் மகள் எடுத்து அத்தை காதில் போட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம். நீங்கள் டிரைவரைக் கூப்பிட்டு, அரிய ரகம், வெட்டக்கூடாது என்று அதிகாரி குரலில் சொல்லுங்கள். என் பேச்சே வரக்கூடாது.

இருவரும் குறையில்லாமல் நன்றாக இருங்கள்.

உங்கள் மாமனார்

பி.கு.: டிரைவருக்குப் போன் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டும்போதே ரம்பச் சத்தம்! அந்த ஆள் முன்கூட்டியே வந்துவிட்டான். செருப்புக்கூடப் போடாமல் சுவரேறிக் குதித்து மரத்தைக் கட்டிக்கொண்டேன். "என்ன சார், நீங்கதான வெட்டச் சொன்னீங்க?" என்றார் டிரைவர். தெருவே பார்க்க எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். உங்கள் அத்தை சிரிக்கவில்லை. "வந்தவரை எதுக்குச் சும்மா அனுப்பணும்? துணி காய விடாம ஒண்ணு நிக்குதே, அதை வெட்டுங்க" என்று நான் ஒட்டுக்கட்டிய மரத்தைக் காட்டினாள். அதன் அடிக்கட்டையில் உட்கார்ந்துதான் டிரைவரும் நானும் டீ குடித்தோம்.