சத்தமே போடாத மெஷின்

முதலில் ஒரு முனகல். பிறகு தடதடவென்று ஓர் உறுமல். அப்புறம், யாரோ இரும்புக் கட்டிலை மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்குவது போல் ஒரு சத்தம். கண்ணைத் திறக்காமலே மணி சொல்லிவிடுவேன். காலை பதினொன்று. என் மனைவி வாஷிங் மெஷின் போட்டிருக்கிறாள்.

எனக்கு ராத்திரி வேலை. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸில் ஆறு மோட்டார்களுக்கு நான்தான் தாய், தகப்பன், வைத்தியன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. மோட்டார்கள் கைவிடவில்லை. எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களைப் படித்தும், ராத்திரி முழுக்கக் காதை வைத்துக் கேட்டும் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். எந்த பேரிங் தேய்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். காலையில் உலகம் குளித்துத் தலைவாரிக் கிளம்பும்போது, நான் எதிர்த்திசையில் நடந்து வந்து படுப்பேன். சூரியனுக்கும் எனக்கும் ஜன்னல் திரையின் ஓட்டை வழியாகத்தான் பழக்கம்.

மூன்று மாதமாக அந்தத் தூக்கத்தில்தான் மண். போன வாரம் நாலாவது மோட்டாருக்கு எதிரே நின்றபடியே தூங்கிவிட்டேன். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். எழுப்பவில்லை. நானாக விழிக்கும்வரை காத்திருந்து, "இன்னொரு தடவை பார்த்தேன்னா மேல எழுதிடுவேன். அப்புறம் வேலை என் கையில இல்ல" என்றார்.

இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள். பயம் தெளிந்ததும், நின்றுகொண்டே எப்படித் தூங்கினேன் என்று நடித்துக் காட்டச் சொல்வாள்.

ஆகவே ஒரு முடிவெடுத்தேன். சத்தமே போடாத மெஷின் ஒன்று வாங்குவது. அதையும் நானே தனியாகப் போய் வாங்குவது.

"நானும் வரேனே" என்றாள்.

"நீ எதுக்கு? இது மோட்டார் சமாசாரம். என்னை எவனாலயும் ஏமாத்த முடியாது."

"அது சரி."

இந்த 'அது சரி'க்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும் கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்து என்னை எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. சட்டைப் பையில் மூன்று பேனா.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"மோட்டாரா? அப்ப நான் என்ன சார் சொல்றது? நீங்கதான் எனக்குச் சொல்லித்தரணும்."

அந்த இடத்திலேயே நான் பாதி விலைபோய்விட்டேன்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்."

"விருந்தாளி வந்தா?"

"வரமாட்டாங்க."

"வந்துட்டா?"

யோசித்தேன். வந்துவிட்டால் என்ன செய்வது? ஒன்பது பேர் துணியைத் துவைக்கும் மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதில் பச்சை, நீலம், மஞ்சள் என்று விளக்குகள் எரிந்தன. ஒரு காசை எடுத்து அதன் தலைமேல் விளிம்பில் நிற்கவைத்தார். காசு நின்றது.

"நான் சொல்ல வேண்டாம் சார். உங்க காது சொல்லட்டும்."

குனிந்து காதை வைத்தேன். கண்ணை மூடினேன். பேரிங் சத்தமில்லை. பெல்ட் சத்தமில்லை. இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு அமைதியான மோட்டாரை நான் சந்தித்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. வாங்கிவிட்டேன்.

வீட்டில் அவள் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"கேட்டுப் பாத்தீங்களா?"

"காதை வெச்சே கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்ல."

"உள்ள துணி போட்டிருந்தாங்களா?"

"இல்ல."

"தண்ணி?"

"கடைக்குள்ள எப்படித் தண்ணி விடுவாங்க?"

"மோட்டார் சுத்திச்சா?"

"லைட்டெல்லாம் எரிஞ்சுது."

"நம்ம வாசல்லயும்தான் லைட் எரியுது. அந்தக் கடையில டிவி ஓடிட்டிருந்துச்சா?"

"ஒரு நாப்பது ஓடிச்சு."

"பாட்டோடயா?"

நாற்பது டிவியும் நாற்பது பாட்டு பாடிக்கொண்டிருந்தன. அங்கே யானை பிளிறியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? மறுநாள் பதினொரு மணிக்கு, "ஓட்டு. நான் தூங்கிக் காட்டறேன்" என்றேன்.

"இப்ப எதுக்குங்க? பேசாம தூங்குங்களேன்."

"ஓட்டுன்னா ஓட்டு."

ஓட்டினாள். ஒன்பது பேர் மெஷினுக்குள் இரண்டு பேர் துணி, பெரிய மண்டபத்தில் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி சுவருக்குச் சுவர் மோதியது. மெஷின் குளியலறையிலிருந்து ஓரடி நடந்து வந்தது. எல்லாம் முடிந்ததும், துவைத்த சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் பாடியது.

சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். "மெஷின் தங்கம் சார். உங்க தரைதான் சரியில்ல" என்றார் டைக்காரர். காலுக்கடியில் வைக்க நாலு ரப்பர் துண்டுகளோடு திரும்பினேன்.

"துணி துவைக்க மெஷின் வாங்கினீங்க. இப்ப மெஷினுக்குச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மறுபடி சோதனை. மெஷின் செருப்போடு நடந்தது. மறுபடி போனேன். இந்தத் தடவை உத்தரவாதத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தேன். எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் அஞ்சு வருஷத்துக்குச் சத்தம் போடும்னு எழுதி வாங்கிட்டு வந்தீங்களாக்கும்."

மூன்றாவது தடவை புகாரோடு போனபோது மதியம். டைக்காரரைக் காணவில்லை. தேடினேன். வரிசையாக நிறுத்தியிருந்த ஃப்ரிட்ஜ்களுக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார். பாதம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க சார். உக்காரக் கூடாது. பத்து மணி நேரமும் நிக்கணும்."

நிற்கிற வேலை எனக்குத் தெரியும். பக்கத்துப் பெட்டியில் நானும் உட்கார்ந்தேன். அவரும் மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி, நான் சண்டைக்கு வரல. சண்டை போடத் தெம்பில்ல. பகல்ல தூங்க முடியல. வேலையில கண்ணு சொக்குது. இன்னொரு தடவை பிடிபட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு போர்டு இருக்கு சார். யார் எவ்வளவு வித்தாங்கன்னு தினமும் எழுதுவாங்க. என் பேர்தான் கடைசி. அன்னிக்கு நீங்க உள்ள வந்து காதை வெச்சு கண்ணை மூடினீங்க பாருங்க, எனக்குச் சாமியே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு."

"சாமிக்குத்தான் இப்ப தூக்கமில்ல."

"உண்மையச் சொல்லட்டுமா சார்? சத்தம் போடாத மெஷின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. சாயங்காலம் நீங்க வேலைக்குக் கிளம்பினதும் ஓட்டச் சொல்லுங்க. முடிஞ்சுது."

அந்தக் கடையில் எனக்கு இலவசமாகக் கிடைத்த ஒரே பொருள் அது.

வழி நெடுக அதை என் சொந்தக் கண்டுபிடிப்பாக மாற்றிக்கொண்டே வந்தேன். அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டில்மேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இனிமே நான் கிளம்பின பிறகு ஓட்டு. எப்படி என் மூளை?"

"சரிங்க."

பதினெட்டு வருடத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதில்லை. அந்த வேகத்தில் தடுமாறி, மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "இல்லேன்னா வேலையே போயிடும்போல இருக்கு. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். பிடிச்சுட்டாங்க."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. நடித்துக் காட்டச் சொல்லவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே."

"எதை நிறுத்தியிருப்பே?"

தலையணை உறையை நீவி மடித்தாள்.

"பழைய மெஷினை இத்தனை வருஷமா எப்ப ஓட்டினேன்னு நினைச்சீங்க? சாயங்காலம்தான். நீங்க தெருமுனை தாண்டினதும்."

"அப்புறம் எதுக்கு மூணு மாசமா பதினொரு மணிக்கு?"

"ஈரத்துணியை துவைக்கிற தொட்டியிலேருந்து பிழியற தொட்டிக்குத் தூக்கிப் போட்டு இடுப்பு போச்சு, புதுசா ஒண்ணு வாங்குங்கன்னு ஆறு வருஷமா வாயால சொன்னேன். உங்க காதுல ஏறல. அதான், மோட்டாரை விட்டுச் சொல்லச் சொன்னேன்."

அவள் குவியலிலிருந்து போர்வையை உருவி இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இருவருமாக உதறி மடிக்க ஆரம்பித்தோம்.