வெறும் போத்தலுக்கு வந்த புற்றுநோய்

அன்று ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள்: பட்டத்துக்கான கடைசி ஆய்வைச் செய்துகொண்டிருந்த நான், ஆய்வுகூட உதவியாளர் டைனமோ அண்ணை, அவருடைய சைக்கிள். இல்லாதது மின்சாரம். அது யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் வருடக்கணக்காகிவிட்டது.

சைக்கிள் மிதித்தே புற்றுநோயை ஆராய்ந்த மனிதர் உலகத்தில் டைனமோ அண்ணை ஒருவர்தான். பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி, டைனமோவால் பற்றரிக்கு மின்னேற்றுவார். அந்த மின்சாரம் கட்டியிலிருந்து எடுத்த புரதங்களை ஈரத்தாளில் இழுத்துக் கோடு கோடாகப் பிரிக்கும். நுரையீரல் கட்டிகளில் ஆண்களின் புரதமும் பெண்களின் புரதமும் வேறுபடுகின்றனவா என்பதே என் ஆய்வு. கட்டிகளை அரைத்தெடுத்த சாற்றை, 'ஆம்பிளை', 'பொம்பிளை' என்று அண்ணை லேபல் ஒட்டிய போத்தல்களில் விட்டு வைத்திருந்தோம். தேறினால் எங்கள் கைநாட்டுப் பரம்பரையின் முதல் பட்டதாரி நான். தவறினால் உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம்.

"கட்டாயம் வேறைதான் தம்பி," என்றார் அண்ணை. "ஆம்பிளையள் குடிச்சது சுருட்டுப் புகை. பொம்பிளையள் குடிச்சது அடுப்புப் புகை. புகை வேறையெண்டால் புரதமும் வேறைதானே? மிதி!"

அன்று மிதிக்கும் முறை என்னுடையது. மிதித்தேன்.

"உது ஆம்பிளையளின்ரை. ஓடட்டும். இனிப் பொம்பிளையளின்ரை வருகுது, கொஞ்சம் மரியாதையா மிதி!"

தாளுக்குச் சாயம் போட்டோம். பெண்களின் கட்டி ஒவ்வொன்றிலும் பனங்கிழங்குத் தடிப்பில் ஒரு நீலக்கோடு. ஆண்களில் ஒன்றிலும் இல்லை! அண்ணை சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். கொக்குவில் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

சத்தம் கேட்டு வந்த எங்கள் பேராசிரியை மணிக்கெல்லாம் மயங்குகிறவர் அல்ல. "லேபல் ஒட்டினபடி பாவிக்காமல் சும்மா கிடக்கிற பொம்பிளைப் போத்தல் ஒண்டிலை வெறும் உப்புத்தண்ணி விட்டு, அதை ஓட்டிப் பாருங்கோ," என்றார்.

ஓட்டினோம். அதே கோடு, அதே தடிப்பு.

"வெறும் போத்தலுக்கும் புற்றுநோயோ?" என்றார் பேராசிரியை.

"வெறும் போத்தல் எண்டாலும் பொம்பிளைப் போத்தல் எல்லே, டொக்டர்," என்றார் அண்ணை.

பேராசிரியை போத்தலின் லேபலைச் சுரண்டி மணந்து பார்த்தார். "அண்ணை, இதை என்னத்தாலை ஒட்டினனீங்கள்?"

"ஆம்பிளைப் போத்தலுக்குக் கோந்து. அதோடை கோந்து முடிஞ்சுது. மிச்சத்துக்கு முட்டை வெள்ளைக்கரு. சோத்துப் பசையைக் கரப்பான் தின்னும்."

"ஏன் ஆம்பிளைப் போத்தலெல்லாம் முதல்?"

"இதென்ன கேள்வி டொக்டர்? பந்தியிலை ஆர் முதல் இருக்கிறது?"

"வெள்ளைக்கரு வடிஞ்சு உள்ளை போயிருக்கு. அது முழுக்கப் புரதம் எண்டு தெரியாதோ?"

"தெரியும். அதுதானே நல்லா ஒட்டுது!"

பேராசிரியை சிரிக்கவில்லை. "எல்லாப் போத்தலுக்கும் ஒரே கோந்து. வெள்ளிக்கிழமைக்குள்ளை திருப்பிச் செய்யாட்டில் பட்டம் இல்லை."

போரும் பொருளாதாரத் தடையுமான காலம் அது. குளிக்கிற சவர்க்காரமே தங்கம், கோந்துக்கு எங்கே போவது? மனத்துக்குள் நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டத் தொடங்கிவிட்டேன். மறுநாள் காலை மேசையில் ஒரு கோந்துப் போத்தல் இருந்தது.

"எங்கை அண்ணை எடுத்தனீங்கள்?"

"கதையாமல் மிதி."

மிச்சமிருந்த கட்டித் துண்டுகளை முதலிலிருந்து ஓட்டினோம். பனங்கிழங்குக் கோடு மறைந்தது. சொல்லும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. "இல்லை எண்டதும் ஒரு முடிவுதான்," என்று பேராசிரியை கையெழுத்திட்டார். நான் பட்டதாரியானேன்.

பிறகுதான் அண்ணையின் மனைவி சொல்லி அறிந்தேன். மானிப்பாய்க் கடைக்காரர் அந்தக் கோந்தைக் காசுக்குக் கொடுக்க மறுத்துவிட்டாராம். என் பட்டத்துக்காக அண்ணை கொடுத்த விலை, வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழி.